ரிஸ்வானா விடுமுறைக்கு வரும் தீவு

1

நாங்கள் இந்தத் தீவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த அன்று, என் கணவர் இப்ராஹிம் வேலை முடிந்து வரும்போது பாதாம் கேக் வாங்கி வந்தார். அதை வெட்டுவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை ரிஸ்வானாவின் வீடியோ அழைப்பு வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கேக்கும் தெரியட்டும் என்று கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு அந்த நாளே நினைவில்லை.

"அக்கா, ஒரு சங்கதிங்க. மே மாசம் பசங்க லீவுக்கு வெளிநாடு எங்கயாச்சும் போலாம்னு பேசிட்டிருந்தோம். தாய்லாந்து வேண்டாம், பாலி வேண்டாம்னுபோட்டானுங்க. அப்பறம் ஒரு ரீல்ஸ்ல உங்க தீவைப் பாத்தேன். அய்யோ, அந்தக் கடல் கலரு! இவுரு அன்னிக்கே டிக்கெட் போட்டுபோட்டாருங்க. அம்மாவும் வாராங்க."

அதற்குப் பிறகு அவள் பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. திரையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் சோபாவில் அம்மா உட்கார்ந்து யார் சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஊசி பிடித்த கையைத் தூக்கிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். "ரொம்ப சந்தோசம் ரிஸ்வா" என்றேன். கேக்கை வெட்டினோம். எனக்கு மிகவும் பிடித்த கேக். அன்று என் துண்டை இப்ராஹிமின் தட்டில் வைத்துவிட்டேன்.

பத்து வருடமாக நான் கூப்பிட்டு வராத அம்மா, அவள் ஒரு ரீல்ஸ் பார்த்ததற்கு வருகிறார்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மால்டா என்ற நாடே இத்தாலிக்குக் கீழே கடலில் கிடக்கும் ஒரு துளி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் துளி உண்டு. அதுதான் கோஸோ. கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறித் துடியலூர் தாண்டினால் போதும், அந்த நீளத்துக்குள் எங்கள் தீவு முடிந்துவிடும். எல்லா வீடுகளும் ஒரே மஞ்சள் கல். எங்கே நின்றாலும் ஒரு மாதா கோவில் கோபுரம் தெரியும்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இப்ராஹிம் ஏசி பழுது பார்க்கிறார். ஊரில் கரும்புக்கடை ஏரியாவில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் மகள் ஆய்ஷாவுக்குப் பதினான்கு வயது. நாலு வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவள், இன்று மால்டிஸ் மொழியில் சண்டை போடுகிறாள்.

அந்த மொழியில் எனக்கு இன்னும் நாக்கு புரளவில்லை. ரொட்டிக்கு ஹோப்ஸ் என்று பெயர். நான் வந்த புதிதில் பேக்கரியில் போய் ஹப்ஸ் கேட்டேன். ஹப்ஸ் என்றால் சிறைச்சாலை. "சின்னதாக இரண்டு சிறைச்சாலை கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பேக்கரிக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் இரண்டு கைகளையும் விலங்கு பூட்டியதுபோலச் சேர்த்துக் காட்டிச் சிரிப்பார். ஆனால் அதே மொழியில் இறைவனுக்கு அல்லா என்றுதான் பெயர். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தை ரந்தான் என்கிறார்கள். கோட்டைமேட்டில் மதரசாவில் ஓதி வளர்ந்தவளுக்கு, மாதா படத்தின் முன்னால் ஒரு கிழவி "அல்லா, அல்லா" என்று முனகுவதைக் கேட்ட முதல் நாள் மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு அதைச் சொல்ல அம்மாவைத்தான் கூப்பிட்டேன். "அப்படியா அம்மணி, நல்ல சனம்தான் போல" என்றார். நேரில் வந்து கேளுங்கள் என்று அன்றுதான் முதல் தடவையாகக் கூப்பிட்டேன்.

குடியேற்ற அலுவலகத்தில் குடும்பப் பெயர் இல்லாத மனுஷி என்று ஒருத்தி இருக்கவே முடியாது. எனவே என்னைப் பெற்ற அத்தாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. இல்லத்தில் எல்லோருக்கும் நான் "கரீம்". "கரீம், தண்ணீர்." "கரீம், என் செருப்பு எங்கே?" வால்பாறையைத் தாண்டி எங்கும் போகாத என் அத்தாவை, அவர் மறைந்த பிறகு, இந்தத் தீவில் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறார்கள்.

இந்தத் தீவுக்காரர்களும் பிழைப்புத் தேடி வெளியே போனவர்கள்தான். பாட்டன் ஆஸ்திரேலியாவில் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் வாசலில் கல் கங்காரு உட்கார்ந்திருக்கும். எங்கள் இல்லத்தில் இருக்கும் தாய்மார்கள் பலருக்குப் பிள்ளைகள் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரும்போது கைபேசியை அவர்கள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலைகளில் ஒன்று. யார் யாரோ அம்மாக்கள் அழுவதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் முகம் எனக்கு ஒரு சாண் திரையில்தான்.

3

ரிஸ்வானா திட்டம் போடத் தொடங்கினாள். வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். அதற்குக் "கோஸோ கேங்" என்று பெயர். அவள் கணவர் நாசர், இரண்டு பையன்கள், அம்மா, நான், இப்ராஹிம், ஆய்ஷா என்று எல்லோரும் அதில் இருந்தோம். நாசருக்கு உக்கடத்தில் மரக்கடை. இப்போது ப்ளைவுட், மாடுலர் கிச்சன் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். குனியமுத்தூரில் புது வீடு. அம்மா இருப்பதும் அங்கேதான்.

காலையில் நான் டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் குழுவைத் திறந்தால் பத்துப் பதினைந்து வீடியோக்கள் கிடக்கும். பாறையில் கட்டம் கட்டமாக வெட்டிய உப்பளங்கள். ஒரு மலைக்குள் இருட்டுக் குகை வழியாகப் படகு புகுந்து நடுக்கடலில் வெளியே வரும் இடம். கண்ணாடிபோல அடி தெரியும் தண்ணீர்.

"அக்கா, அந்தக் குகைப் படகு எப்படிங்க, பயமா இருக்குமா?"

"தெரியல ரிஸ்வா. நான் போனதில்ல."

"உப்பளத்துல சூரியன் உளுகறது நல்லா இருக்குமாமா?"

"அந்தப் பக்கம் போனதில்ல."

எந்தக் குறும்பும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், "பத்து வருசமா அங்க என்னதானுங்க்கா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

குறும்பாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். ஆசையாகக் கேட்டதால் நானும் யோசித்துப் பார்த்தேன். என்ன பண்ணினேன்? கோடைக்காலம் வந்தால் இப்ராஹிமுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஊரே ஏசி போடும். குளிர்காலத்தில் கடல் பக்கம் போனால் காற்று ஆளையே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு டூட்டி. ஜன்னல் சீட்டு கிடைத்தால் பஸ்ஸிலிருந்து கடலைப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

தங்குவதற்கு அவள் ஷாரா என்ற கிராமத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு பழைய கல் வீட்டைப் பிடித்தாள். என் வீட்டில் தங்கலாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "உங்க ஊட்டுல ரெண்டே ரூம்புதானுங்க்கா. உங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்றாள். வந்த முதல் இரண்டு வருடம் அந்த மாதிரி வீடுகளைத்தான் நான் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். விருந்தினர்கள் காலையில் காலிசெய்து போவார்கள். அடுத்தவர்கள் வருவதற்குள் படுக்கை விரிப்பு மாற்றி, குளத்தில் விழுந்த இலைகளை வலையால் அள்ளி, கண்ணாடிக் கதவில் பிள்ளைகளின் கைரேகையைத் துடைக்க வேண்டும். அது ஊரில் இப்ராஹிம் வீட்டாருக்குத் தெரியாது, எங்கள் வீட்டுக்கும் தெரியாது. ரிஸ்வானா அனுப்பிய படத்தில் அந்தக் கண்ணாடிக் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

மே மாதத்தில் எனக்கு இரண்டு நாள்தான் விடுப்புக் கிடைத்தது. அவர்கள் பத்து நாள் தங்குகிறார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பரவால்லீங்க்கா. ஆய்ஷா இருக்கறாள்ல. அவ பாத்துக்குவா" என்றாள் ரிஸ்வானா.

4

ஆய்ஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பல வருடமாக எங்கள் வீட்டுப் பேச்சு அப்படித்தான். "சாப்பிட்டியா கண்ணு?" என்றால் "ஐ'ம் குட்" என்று வரும். தமிழ் எழுத்துச் சொல்லித்தர உட்கார வைத்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்தாள். பிறகு பள்ளியில் கால்பந்து, தேர்வு, தோழி வீடு. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "வீட்டுல மட்டும் பேசறதுக்கு ஒரு மொழி எதுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாரோ தமிழ் பேசினார்கள்.

"ஏனுங்க சின்னம்மா, நீங்க நீச்சல் டிரஸ் வாங்கிட்டீங்களா? ஃபுல் கை வெச்சது இருக்குதுங்க. வாங்கிப்போடுங்க. தண்ணி சில்லுனு இருக்கும்ங்க."

கத்தியை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். ஆய்ஷா கட்டிலில் குப்புறப் படுத்து வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். என் மகள்தான். அவள் வாயில் அத்தனை ங்க. குனியமுத்தூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை மாதிரி. ரிஸ்வானா பதில் அனுப்புவாள். இவள் அதைக் கேட்டுச் சிரித்து, அதில் புதிதாக வந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்ததை அனுப்புவாள்.

இதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

"சின்னம்மாகிட்ட மட்டும் தமிழ் வருதா?" என்று உள்ளே போய்க் கேட்டேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஷி'ஸ் ஃபன், மம்" என்றாள்.

அவள் ஜாலியானவள். எப்போதுமே ஜாலியானவள்தான். எங்களுக்குச் சின்ன வயதாக இருந்தபோது அத்தா எங்களை வால்பாறைக்குக் கூட்டிப்போனார். ஆழியாறு தாண்டி வளைவு ஆரம்பித்ததும் ரிஸ்வானா வாந்தி எடுத்தாள். கண்டக்டர் இரக்கப்பட்டு முன்னால் ஜன்னல் சீட்டு கொடுத்தார். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டார். பின்சீட்டில், எஸ்டேட்டுக்குப் போகும் யாரோ ஒரு அம்மாவின் கூடைக்கும் அத்தாவின் தோளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் குமட்டிக்கொண்டுதான் வந்தது. அடக்கிக்கொண்டேன். மேலே போய் இறங்கியதும் "மூத்தவ சமத்து, ஒண்ணுமே பண்ணல பாருங்க" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். வாந்தி எடுக்காத பிள்ளைக்கு ஜன்னலும் கிடையாது, மடியும் கிடையாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

சமத்துப் பிள்ளையாகத்தான் வெளிநாட்டுக்கும் வந்தேன். நீ சமாளிச்சுக்குவே என்றார்கள். சமாளித்தேன்.

5

அம்மாவை விசாவில் அழைக்க மூன்று தடவை நான் காகிதம் தயார் செய்திருக்கிறேன். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்ற உறுதிமொழி. அலுவலகத்தில் ஒரு பெண், அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்கள் அம்மாவுக்கு வீட்டுப் பெயரே இல்லையா?" என்று பாவமாகக் கேட்டாள். எங்கள் ஊரில் யாருக்குமே இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து ஊருக்கு அனுப்பினால் அம்மாவுக்கு முழங்கால் வலி. அடுத்த முறை நோன்பு. அதற்கடுத்த முறை யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பிறகு நான் காகிதம் தயார் செய்வதை விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை என் காகிதமே தேவைப்படவில்லை. "நாங்க டூரிஸ்ட்தானுங்க்கா, நீங்க ஒண்ணும் அனுப்ப வேண்டாம்" என்றாள் ரிஸ்வானா. அம்மா அவர்கள் காரில் சென்னைக்குப் போய், விசாவுக்குக் கைரேகை கொடுத்து, வழியில் எங்கோ பிரியாணி சாப்பிட்டு, படமும் அனுப்பினார். முழங்கால் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு மத்தியானம் என்னால் முடியவில்லை. ரிஸ்வானா பையன்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். பாதி முகம்தான் தெரிந்தது.

"ஏம்மா, நான் ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்வீங்களா?"

"கேளு கண்ணு."

"நான் எத்தன தடவ கூப்புட்டேன். கால் வலிங்கறீங்க, நோன்புங்கறீங்க. அவ கூப்புட்டதும் மறு பேச்சில்லாம கெளம்பிட்டீங்க. நான் அவ்வளவு வேண்டாதவளா போயிட்டனா?"

அம்மா கீரை உருவுவதை நிறுத்தவில்லை. காம்பைத் தனியாக, இலையைத் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"உன்ற ஊட்டை நான் வந்து பாத்துப்போட்டா, அது உன்ற ஊடாயிரும் அம்மணி" என்றார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் பாக்காத வரைக்கும் நீ வேலைக்குப் போயிருக்கற புள்ள. வேலைக்குப் போன புள்ள திரும்பி வந்துரும். பாத்துப்போட்டு வந்தேன்னா, நீ குடி போன புள்ள. உன்ற அத்தா சாகறப்பகூட, மூத்தவ வந்துருவா, மாடி ரூம்ப வாடகைக்கு உட்டுராதேன்னுதான் சொன்னாரு. அதுக்குத்தான் கால் வலின்னேன். கால் வலி எப்பவும் இருக்கறதுதான்."

"அப்ப இப்ப மட்டும் ஏம்மா வாரீங்க?" என்று கேட்டேன்.

"ஆய்ஷா இந்த டூர் பேச்சுக்கு முன்னாடியிருந்தே பேசி அனுப்புதில்ல? ரிஸ்வா எனக்கும் போட்டுக் காட்டுவா. ஒரு நாளு அந்தப் புள்ள சொல்லுது, 'சின்னம்மா, எங்க ஊருக்கு வாங்க, எங்க ஊர்ல எல்லாம் சூப்பரா இருக்கும்'னு. எங்க ஊருங்குது." அம்மா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் நான் வராம இருந்து என்ன ஆகப்போவுது? அவுங்க கெளம்பறப்ப எனக்கும் டிக்கெட் போடச் சொல்லிட்டேன்."

ரிஸ்வானா கூப்பிட்டதற்காக அம்மா வரவில்லை. நான் கதவோரம் நின்று பொறாமைப்பட்ட அதே தமிழைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்.

6

அவர்கள் கொச்சியில் ஏறி, துபாய் வழியாக மால்டா வந்து, கப்பலில் தீவுக்கு வந்த நேரம் நான் டூட்டியில் இருந்தேன். இப்ராஹிமும் ஆய்ஷாவும் துறைமுகத்துக்குப் போனார்கள். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஷாராவுக்கு ஓடினேன். கதவைத் தட்டினேன். ரிஸ்வானா திறந்து, "வாங்க வாங்க, வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள். பத்து வருடமாக நான் இருக்கும் தீவில், நேற்று வந்தவள் என்னை விருந்தாளியாக வரவேற்றாள். அம்மா சோபாவிலிருந்து எழுந்து வந்து என் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கைகள் சில்லென்று இருந்தன. "கருத்துப் போயிட்டே" என்றார். அழுதோம். ரிஸ்வானாவும் அழுதாள். அவளும் அழுததுகூட அந்த நேரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை.

குளத்தின் விளக்கு எரியவில்லை என்று நாசர் சுவிட்சைத் தேடிச் சுவரெல்லாம் தடவிக்கொண்டிருந்தார். "அந்த மோட்டார் பெட்டிக்குப் பின்னாடி பாருங்க தம்பி" என்றேன். எரிந்தது. நீலமாக, படத்தில் வந்த மாதிரியே.

"எப்படிங்க தெரியும்?" என்றார்.

இப்ராஹிம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"இங்க எல்லா ஊட்டுலயும் அங்கதான் இருக்கும்ங்க" என்றேன்.

முதல் விடுப்பு நாளில் குகைப் படகுக்குப் போனோம். இந்தத் தீவில் நானும் சுற்றுலாப் பயணிதான் அன்று. சின்னப் படகு. அம்மா நடுவில், அவர் இடப் பக்கம் ரிஸ்வானா, வலப் பக்கம் நான். முன்னால் ஆய்ஷா. மலைக்குள் புகுந்ததும் இருட்டு. தண்ணீர் பாறையில் மோதும் சத்தம் மட்டும். அம்மா "யா அல்லா" என்றார். படகுக்காரரும் அதையே தன் பாணியில் சொல்லிச் சிரித்தார். என் பக்கத்தில் அம்மாவின் கை அசைந்தது தெரிந்தது. என் கையைத் தேடுகிறார் என்று நினைத்து நீட்டினேன். கிடைக்கவில்லை. ரிஸ்வானா பக்கம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயும் போட்டிக்கு ஆள் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வந்ததும் பார்த்தேன். அம்மா இரண்டு கைகளாலும் முன்னால் இருந்த ஆய்ஷாவின் தோள்களைப் பிடித்திருந்தார். ரிஸ்வானாவின் கையும் என் கையைப் போலவே காலியாக நீண்டிருந்தது.

"பாத்தீங்களாக்கா?" என்றாள் ரிஸ்வானா.

"பாத்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படகு ஆட ஆடச் சிரித்தோம். எதற்கென்று கேட்டு அம்மா எங்கள் இருவர் தொடையிலும் ஆளுக்கொரு அடி கொடுத்தார்.

இரண்டாவது விடுப்பு நாளில் அம்மா என் வீட்டுக்கு வந்தார். ரிஸ்வானா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நீங்க பேசிட்டிருங்க, நாங்க பசங்களோட உப்பளம் போயிட்டு வாரோம்" என்று கிளம்பிவிட்டாள். வேண்டுமென்றேதான் எங்களைத் தனியாக விட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று, ஆய்ஷாவை மட்டுமாவது விட்டுவிட்டுப் போனாளே என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாடி. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். உள்ளே வந்ததும் உட்காரவில்லை. சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்து முகர்ந்தார். குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் விட்டுவிட்டு முகம் சுளித்தார். சிறுவாணித் தண்ணீர் குடித்த நாக்கு. படுக்கையை அமுக்கிப் பார்த்தார். ஆய்ஷாவின் மேசை மேல் இருந்த கால்பந்துக் கோப்பையைத் தூக்கிக் கனம் பார்த்தார். பிறகு கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து மத்தியானத் தொழுகைக்கு விரிப்புக் கேட்டார். விரித்துக் கொடுத்தேன். அம்மா பழக்கத்தில் அதைத் திருப்பி மேற்குப் பார்த்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நன்னிம்மா, அப்படி இல்லீங்க, இப்படிங்க" என்று ஆய்ஷா ஓடிவந்து, பாட்டியின் தோள்களைப் பிடித்து மெல்லக் கிழக்கே திருப்பிவிட்டாள். விரிப்பையும் திருப்பிப் போட்டாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "மக்கா மேக்க இல்ல?"

"நமக்கு மேக்கம்மா. இங்கிருந்து பாத்தா கெழக்க" என்றேன்.

அம்மா அந்த ஜன்னலைப் பார்த்தார். எதிர் வீட்டு மஞ்சள் சுவர், அதற்கு மேல் கொஞ்சம் வானம். "அப்ப நான் அங்க நின்னு இந்தப் பக்கம் பாக்கறேன், நீ இங்க நின்னு அந்தப் பக்கம் பாக்கறே. இத்தன வருசமா ரெண்டு பேரும் எதுத்தாப்பலதான் நின்னிருக்கறோம், போ" என்று சொல்லிவிட்டுக் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.

தொழுது முடித்து, விரிப்பை மடித்து என் கையில் கொடுத்தார். வீட்டை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"ஊடு நல்லா இருக்குது கண்ணு. வெளிச்சம் நல்லா வருது."

பத்து வருடம் நான் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. கேட்டதும் சொன்னவரின் வாயைப் பொத்திவிடலாம் போல இருந்தது.

7

அவர்கள் போய் மூன்று வாரம் ஆகிறது. "கோஸோ கேங்" குழுவில் ரிஸ்வானா ஆல்பம் ஆல்பமாகப் படம் போடுகிறாள். ஆய்ஷா அவளுக்கு இன்னும் தமிழில் பதில் அனுப்புகிறாள். எனக்கு இன்னும் ஆங்கிலம்தான். எப்போதாவது மறந்துபோய் ஒரு "சரிங்கம்மா" வருகிறது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிடுகிறேன். கவனித்தது தெரிந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

போன வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டார். முன்பெல்லாம் எங்கள் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் "எப்ப அம்மணி வாரே?" என்ற இடத்தில்தான் முடியும். நானும் "பாக்கலாம்மா" என்பேன். அந்தக் கேள்வி எனக்குத் தலைவலியாக இருந்த வருடங்கள் உண்டு. அன்று அம்மா ஆய்ஷாவின் தேர்வைப் பற்றிக் கேட்டார். இப்ராஹிமுக்கு வேலை அதிகமா என்று கேட்டார். எனக்குப் புதிதாக வந்திருக்கும் இடுப்பு வலிக்கு எந்த எண்ணெய் என்று சொன்னார். நான் அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ஊர்ல இப்ப வெயிலா கண்ணு?" என்றார்.

உங்க ஊர்.

"வெயில்தாம்மா" என்றேன்.

பின்னால் எங்கிருந்தோ ரிஸ்வானாவின் குரல் கேட்டது. "அம்மா, டீ ஆறிப்போவுது. போனை வெச்சுப்போட்டு வாங்க."

"வெச்சரட்டுமா அம்மணி?" என்றார் அம்மா. நான் சரி என்று சொல்வதற்குள் அவர் எழுந்துவிட்டார். கைபேசியை அணைக்க மறந்துவிட்டார். திரையில் குனியமுத்தூர் வீட்டின் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன் என்று ரிஸ்வானா சொல்வதும், போதும் போதும் என்று அம்மா சொல்வதும் கேட்டன. இருவரும் வேறு எதையோ பேசிச் சிரித்தார்கள். நானாகத் துண்டிக்கவில்லை. அந்த டீ குடித்து முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.